மாட்டுத் தீவனத்துல அடிக்கிற மருந்து முதல்ல யார் உடம்புல ஏறுது?

கொஞ்சம் நீளமான இழை இது. மாட்டுத் தீவனப் பயிர்ல விழுற புழு, அதுக்கு அடிக்கிற மருந்து, அதுக்குப் பதிலா இருக்கிற இயற்கைப் பூச்சிக்கொல்லிகள் பத்தி எழுதப் போறேன்.

"டாக்டரம்மாவுக்கு வயக்காட்டுல என்ன வேலை?"ன்னு தோணும். நியாயமான கேள்விதான். அதனால ஒரு நைட் டியூட்டியில இருந்து ஆரம்பிக்கிறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

நான் வேலை பார்க்கிறது கொங்குப் பக்கம் ஒரு தாலுகா அரசு மருத்துவமனை. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வந்தாங்க. வயசு ஐம்பத்தஞ்சு இருக்கும். வாந்தி, வயித்தால போறது, உடம்பெல்லாம் வேர்வை. "மத்தியானம் விசேஷ வீட்டுல சாப்பிட்டாங்க, அதுதான் ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன்"னு பையன் சொன்னார்.

டிரிப் போட்டு அப்சர்வேஷன்ல படுக்க வைக்கப் போனேன். சிஸ்டர்தான் கூப்பிட்டு, "டாக்டர், இவங்க வாயில எச்சில் நிக்கவே மாட்டேங்குது பாருங்க"ன்னாங்க. டார்ச் அடிச்சுப் பார்த்தா ரெண்டு கண்மணியும் குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கு. நாடித்துடிப்பு 48. நெஞ்சுல ஸ்டெத் வெச்சா தண்ணி கொதிக்கிற மாதிரி சத்தம்.

இதைப் பார்த்ததும் எந்த அரசு மருத்துவமனை டாக்டரும் சொல்லிடுவாங்க. ஆர்கனோபாஸ்பேட். பூச்சி மருந்து.

அடுத்து நான் கேட்ட கேள்வியை நினைச்சா இப்பவும் சங்கடமா இருக்கு. "என்னம்மா குடிச்சீங்க?"

"ஒண்ணும் குடிக்கலீங் அம்மிணி"ன்னாங்க. நான் நம்பலை. மறுபடி கேட்டேன். மூணாவது தடவை பையனை வெளிய அனுப்பிட்டு, மருமகளோட ஏதாச்சும் சண்டையான்னு கேட்டேன். மூச்சு வாங்கிட்டே அந்தம்மா அழுதாங்க. விஷம்னு சந்தேகம் வந்தா போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆகணும், கொடுத்தேன். ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஊருக்குள்ள "அவ மருந்தைக் குடிச்சுட்டாளாம்"னு பேச்சு போயிடுச்சு.

உண்மையைச் சொன்னது மருமகள்தான். ரெண்டு மாட்டுக்காகப் போட்ட அரை ஏக்கர் தீவன மக்காச்சோளத்துல குருத்துக்குள்ள புழு. பருத்திக்கு வாங்கினதுல மிச்சம் கிடந்த பாட்டிலை, "ரெண்டு மூடி சேத்தியே" ஊத்தி முந்தாநாள் சாயங்காலம் அடிச்சிருக்கார் பையன். அம்மாகிட்ட சொல்ல மறந்துட்டார். அந்தம்மா ரெண்டு நாளா விடியக்காலைல பனி ஈரத்தோட அதே தட்டை வெறுங்கையால அறுத்து, கட்டு கட்டித் தலையில சுமந்து வந்திருக்காங்க. நடுநடுவுல அதே கையால வெத்தலை போட்டுக்கிட்டு.

உடனே துணியை மாத்தி, உடம்பு முழுக்கச் சோப்பு போட்டுக் கழுவினோம். தலைமுடியை மூணு தடவை அலசினோம். ஊசி ஒருபக்கம் போயிட்டிருக்க, முடியில இருந்து மருந்து ஏறிட்டே இருந்தா என்ன பிரயோஜனம்? முன்கைத் தோலை விடத் தலைத்தோலும் நெத்தியும் இந்த மாதிரி மருந்துகளைச் சில மடங்கு அதிகமா உறிஞ்சும். தலைச்சுமைன்னா மருந்தை அதுக்குப் பிடிச்ச இடத்துல கொண்டு போய் வெக்கிற மாதிரி.

நெஞ்சு தெளியுற வரைக்கும் அட்ரோபின் போச்சு. விடியக்காலை நாலு மணிக்குக் கொஞ்சம் தெளிஞ்சதும் அந்தம்மா கேட்ட முதல் கேள்வி, "மாடு என்னாச்சு?"

மாட்டுக்கும் அதேதான் ஆகியிருக்கு. வாயில நுரை, நடுக்கம், கழிச்சல். கால்நடை டாக்டர் வந்து ரெண்டுக்கும் ஊசி போட்டார். ஒண்ணு பிழைச்சது. சினையா இருந்த மாடு போயிடுச்சு. என்ன ஊசி போட்டாங்கன்னு விசாரிச்சேன். அட்ரோபின். அதை அந்தம்மாகிட்ட சொன்னப்போ, "எனக்கும் மாட்டுக்கும் ஒரே ஊசிங்களா?"ன்னு சிரிச்சுட்டு, அப்புறம் அந்தச் சினை மாட்டை நினைச்சு அழுதாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

தீவனத்துல பூச்சி மருந்துன்னு பேச்செடுத்தாலே எல்லாரும் பாலைப் பத்தித்தான் பேசுறாங்க. "மாடு விஷத்தைத் தின்னுது, அது பாலுல வருது, நம்ம குழந்தை குடிக்குது." வாட்ஸப்ல வாரத்துக்கு ஒண்ணு வருது. நானும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். தேடிப் படிச்சப்போ கணக்கு வேற மாதிரி இருந்துச்சு.

பாலுல சேர்ந்து தங்குறது கொழுப்புல கரையுற பழைய தலைமுறை மருந்துகள். டிடிடி, பிஎச்சி மாதிரி. டிடிடியை விவசாயத்துல இருந்து 1989-லயும், பிஎச்சியை 1997-லயும் நிறுத்தியாச்சு. இப்ப அதிகமா புழங்குற ஆர்கனோபாஸ்பேட்டை மாட்டோட உடம்பே பெரும்பாலும் உடைச்சுச் சிறுநீர்ல வெளியேத்திடும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்துச் சோதிச்சப்போ, பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல இருந்தது ஒரே ஒரு மாதிரியில.

அதே ஆய்வுல நிஜமாவே கவலைப்பட வெச்சது அப்லடாக்சின் எம்1. பூஞ்சை பிடிச்ச தீவனத்துல இருந்து பாலுக்கு வர்ற நஞ்சு இது. அது அதிகமா இருந்த மாநிலங்கள்ல நம்ம தமிழ்நாடும் ஒண்ணு. பாலைக் காய்ச்சினாலும் போகாது. நனைஞ்ச புண்ணாக்கு, பூசணம் பூத்த மக்காச்சோளம் இதையெல்லாம் "மாட்டுக்குத்தானே"ன்னு போடறதோட விளைவு. (இதுக்கு ஒரு தனி இழை எழுதணும். எழுதுவேன்.)

அதனால நகரத்துல டம்ளரைப் பிடிச்சிருக்கிற கையை விட, வயல்ல அருவாள் பிடிச்சிருக்கிற கைதான் என்னோட கவலை. தீவனத்துல அடிக்கிற மருந்தோட முதல் ஆள் அதை அறுக்கிறவங்க. ரெண்டாவது ஆள் மாடு. நம்ம ஊர்ல தீவனம் அறுக்கிறது பெரும்பாலும் பெண்கள். மருந்து அடிக்கிறது ஆம்பளைங்க. அடிச்சவருக்குத் தெரியும், அறுக்கிறவங்களுக்குத் தெரியாது.

பருத்தியிலயோ நெல்லுலயோ மருந்து அடிச்சா அறுவடைக்கு முன்னாடி இத்தனை நாள் காத்திருக்கணும்னு லேபிள்ல போட்டிருப்பாங்க. காத்திருக்கவும் முடியும். தீவனத்துல முடியுமா? குதிரைமசால் 25, 30 நாளைக்கு ஒரு அறுப்பு. கம்பு நேப்பியர் 45 நாளைக்கு ஒண்ணு. அதையும் ஒரே நாள்ல அறுக்கிறது இல்ல. இன்னைக்கு நாலு சால், நாளைக்கு நாலு சால்னு தினம் அறுப்பாங்க. மாட்டுக்கு லீவு கிடையாதே. பதினஞ்சு நாள் தள்ளி அறுங்கன்னு சொன்னா, பதினஞ்சு நாள் மாட்டைப் பட்டினி போடுங்கன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. கையில இருக்கிற மருந்து பாட்டிலை எடுத்து லேபிளைப் படிச்சுப் பாருங்க. பருத்தி, நெல், மிளகாய்னு பயிர் பேர் இருக்கும். தீவனம்னு தேடிப் பாருங்க.

தீவனத்துக்கு இயற்கைப் பூச்சிக்கொல்லிதான் சரின்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான். "பாரம்பரியம்", "ரசாயனம்னாலே விஷம்"ங்கிற பேச்சுல எனக்கு ஆர்வம் இல்ல. நாளைக்குக் காலைல வெறுங்கையால தொடப்போற, மாடு வாயில போகப்போற பயிர் அது. அதுக்கு ஏத்த மருந்தா இருக்கணும், அவ்வளவுதான்.

இதுல தீவனத்துக்கு ஒரு சௌகரியமும் இருக்கு. கத்திரிக்காயில ஒரு ஓட்டை இருந்தா சந்தையில வாங்க மாட்டாங்க. தீவன இலையில நாலு ஓட்டை இருந்தா மாடு கேட்கப் போறதில்ல. பத்துல ஒரு பங்கைப் புழு தின்னா மீதி ஒன்பதும் தீவனம்தான். முழுசா ஒழிக்கணும்னு அவசியமே இல்லாத இடம். மெதுவா வேலை செய்யுற மருந்துக்கு இதை விட நல்ல இடம் கிடைக்காது.

சரி, என்னென்ன இருக்கு?

முதல்ல நம்ம வேப்பங்கொட்டை. 1962-ல டெல்லியில வெட்டுக்கிளி படையெடுத்தப்போ, பிரதான்ங்கிற பூச்சியியல் விஞ்ஞானி வேப்பங்கொட்டையைத் தண்ணியில கரைச்சுப் பயிர் மேல தெளிச்சுப் பார்த்தார். வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்துச்சு, தின்னலை. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி சூடான்லயும் ஷ்முட்டரர்ங்கிற ஜெர்மன்காரர் இதையே கவனிச்சிருந்தார். சுத்தி எல்லாம் மொட்டையாகி வேப்பமரம் மட்டும் பச்சையா நின்னுச்சு. அதுல இருக்கிற அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்லாது. பசியைக் கெடுக்கும், தோலுரிக்கிற ஹார்மோனைக் குழப்பும். தோலுரிக்க முடியாத புழு வளராது.

செய்முறை எளிது. 5 கிலோ வேப்பம்பருப்பை இடிச்சுத் துணியில கட்டி 10 லிட்டர் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலைல பிழிஞ்சு வடிகட்டி, 100 லிட்டர் ஆக்கி, 200 கிராம் சோப்பைக் கரைச்சுச் சேர்க்கணும். 10 லிட்டர் டேங்குக்குக் கணக்குப் போட்டா அரைக்கிலோ பருப்பு. அன்னன்னைக்குச் செஞ்சு அன்னைக்கே சாயங்காலம் அடிக்கணும். வெயில்ல சீக்கிரம் சிதைஞ்சுடும். கசப்பு இருக்கிறதால மாடு மூஞ்சியைத் திருப்பிக்கலாம். அடிச்ச பக்கத்தை ரெண்டு மூணு நாள் விட்டு, அடுத்த பக்கம் அறுங்க.

தட்டப்பயிறு, குதிரைமசால்ல அப்புற அசுவினிக்கு இதுவே பெரும்பாலும் போதும். அதுக்கு முன்னாடி, செடியைக் கிட்டப் போய்ப் பாருங்க. பொறிவண்டு இருக்கான்னு. பொறிவண்டும் அதோட புழுவும் அசுவினியைத் தின்னே வளருது. அவங்க வேலைக்கு வந்துட்டாங்கன்னா நாலு நாள் பொறுங்க. நீங்க எதுவும் அடிக்க வேண்டாம்.

அடுத்தது பி.டி. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்ங்கிற பாக்டீரியா. புழுவோட குடல் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரத்துல பி.டி.யோட புரதம் கரைஞ்சு, குடல் சுவர்ல தனக்குன்னு இருக்கிற ஒரு பூட்டுல போய் ஒட்டி ஓட்டை போடும். நம்ம வயிறு அமிலம், அந்தப் பூட்டும் நமக்குக் கிடையாது. மாட்டுக்கும் கிடையாது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொன்னு மனுசனை விடுற அதே தந்திரம்.

ஆனா தின்ன புழு சில மணி நேரத்துல தீனியை நிறுத்துமே தவிர, சாக ரெண்டு மூணு நாள் ஆகும். இங்கதான் நம்ம ஆளுங்க பொறுமை இழக்கிறாங்க. மருந்து அடிச்சா சொத்துசொத்துன்னு கீழ விழணும். எனக்கு இந்த மனநிலை நல்லாவே பழக்கம். வைரஸ் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தா, "ஒரு ஊசி போட்டு விடுங்களேன்"னு நிக்கிறவங்களைத் தினம் நூறு பேர் பார்க்கிறேன்.

மூணாவது பூஞ்சாணம். பியூவேரியா, மெட்டாரைசியம். இவை புழுவோட தோல் மேல முளைச்சு உள்ள போய் அதைப் பூசணம் பூத்த மம்மியா ஆக்கிடும். ஒரு டாக்டரா எனக்கு பியூவேரியா மேல தனிப் பாசம். 1835-ல இத்தாலியில அகோஸ்டினோ பாஸிங்கிறவர், பட்டுப்புழு வெள்ளையா விறைச்சுச் சாகுறதுக்கு ஒரு நுண்ணுயிர்தான் காரணம்னு காட்டினார். பாஸ்டர், காக் எல்லாம் அப்புறம்தான். நுண்ணுயிரால நோய் வரும்னு உலகம் முதல்ல புரிஞ்சுக்கிட்ட கிருமிகள்ல ஒண்ணு இந்தப் பூஞ்சாணம். அதோட பேர்லயே பாஸியோட பேர் இருக்கு. பியூவேரியா பாஸியானா.

பட்டுப்புழுன்னு சொன்னதும் ஒரு எச்சரிக்கை. உடுமலை, தர்மபுரி பக்கம் மல்பெரித் தோட்டம் நிறைய. பி.டி.யும் 1901-ல ஜப்பான்ல பட்டுப்புழு நோயிலதான் முதல்ல கண்டுபிடிக்கப்பட்டுச்சு. பக்கத்துக் காட்டுல மல்பெரி இருந்தா இந்த ரெண்டையும் அடிக்காதீங்க. காத்துல போனா அண்ணன் தம்பி உறவே போயிடும்.

மக்காச்சோளத்துல இப்ப பெரிய தலைவலி படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2018-ல கர்நாடகாவுல தலைகாட்டி அதே வருஷம் நம்ம பக்கமும் வந்துடுச்சு. அந்தம்மா வீட்டுத் தீவனத்துல விழுந்ததும் அதுதான். குருத்துக்குள்ள உட்கார்ந்து தன் எச்சத்தாலயே வாசலை அடைச்சுக்கும். பெருசான பிறகு எந்த மருந்து அடிச்சாலும் மேல வழிஞ்சு போகும். அறுக்கிறவங்க கையிலதான் ஒட்டும். முட்டைக்குவியலும், இலையைச் சுரண்டின வெள்ளைத் தடமும் தெரியுற முதல் வாரத்துலயே வேப்பங்கொட்டைச் சாறோ, பி.டி.யோ, மெட்டாரைசியமோ குருத்துல படுற மாதிரி சாயங்காலம் அடிச்சாத்தான் வேலை செய்யும். பூஞ்சாணத்துக்கு ஈரப்பதம் வேணும், உச்சி வெயில்ல அடிச்சா காசு வீண். அளவைப் பாக்கெட்டைப் பார்த்தோ உதவி வேளாண் அலுவலரைக் கேட்டோ போடுங்க. நான் எம்பிபிஎஸ், பி.எஸ்சி. அக்ரி இல்ல.

இதையெல்லாம் விட மலிவான ஒரு பூச்சிக்கொல்லி வீட்டுலயே தொங்குது. அருவாள். குதிரைமசால்ல புழு ஏறுதுன்னு தெரிஞ்சா ஒரு வாரம் முன்னாடியே அறுத்து மாட்டுக்குப் போடுங்க. புழுவுக்குச் சாப்பாடும் போச்சு, நிழலும் போச்சு. தானியப் பயிர்ல இது முடியாது. தீவனத்துல மட்டும்தான் முடியும்.

ஆனா தயவுசெஞ்சு இதைச் சோளத்துக்குச் செய்யாதீங்க. பூக்காத இளஞ்சோளத்துலயும், மழை இல்லாம வாடின சோளத்துலயும் சயனைடு உருவாகுற சத்து அதிகம். மாடு தின்ன கொஞ்ச நேரத்துல விழுந்துடும். மருந்தே அடிக்காத, நூறு சதவீதம் இயற்கையான, பச்சைப் பசேல்னு இருக்கிற சோளப்பயிர்.

இதுல இருந்து அடுத்த விஷயத்துக்கு வர்றேன். இதுக்கு எனக்குத் திட்டு விழும்னு தெரியும்.

யூடியூப்ல "மூலிகைப் பூச்சிவிரட்டி"ன்னு தேடினா நூறு வீடியோ. அதுல பாதியில புகையிலை இருக்கு. சிலதுல ஊமத்தை, அரளி, எருக்கு. "மாடு தொடாத இலையா பார்த்துப் பறிங்க"ன்னு ஒரு விதியே சொல்றாங்க. மாடு ஏன் தொடலைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அதைக் கரைச்சு மாட்டுத் தீவனத்து மேலயே தெளிக்கிறது என்ன கணக்கு?

அரளியில இருக்கிறது இதயத்துடிப்பைக் குலைக்கிற நஞ்சு. அரளி விதையை அரைச்சுக் குடிச்சவங்களை ஈசிஜி மானிட்டர்ல போட்டுட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கேன். ஊமத்தையில அட்ரோபின் வகை நஞ்சு. ஆமா, அந்தம்மாவைக் காப்பாத்தின அதே மருந்து, அளவில்லாம உள்ள போனா புத்தி பேதலிச்சுக் காய்ச்சல் கொதிக்கும். புகையிலையில நிகோடின். அது தோல் வழியா ஏறும். ஈரப் புகையிலை அறுக்கிற தொழிலாளிங்களுக்கு வாந்தியும் தலைசுத்தலும் வர்ற ஒரு நோய்க்கு மருத்துவத்துல தனிப் பேரே இருக்கு. புகையிலைக் கஷாயம் தெளிச்ச தட்டைப் பனி ஈரத்துல அறுத்தா, நான் சொன்ன கதையேதான், மருந்து பேர் மட்டும் வேற.

வேம்பும் விதிவிலக்கு இல்ல. வயல்ல சரி. ஆனா கைக்குழந்தைக்குச் சளிக்குன்னு வேப்பெண்ணெய் புகட்டி, வலிப்போட, நினைவில்லாம தூக்கிட்டு வர்றாங்க. கல்லீரலும் மூளையும் பாதிக்கும். வேப்பெண்ணெய் பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத இடத்துல வையுங்க.

"இயற்கை"ன்னு அட்டைப்பெட்டியில போட்டிருந்தாலும் ஒருதடவை திருப்பிப் பாருங்க. மத்தியப் பூச்சிமருந்து வாரியத்தோட பதிவு எண், உயிரியோட பேர், காலாவதி தேதி மூணும் இருக்கணும். பி.டி., பூஞ்சாணம் எல்லாம் உயிருள்ள சரக்கு. வெயில் அடிக்கிற கடை முன்னாடி ஆறு மாசம் தொங்கினது செத்த சரக்கு. "ஆர்கானிக்"னு எழுதின ஒரு பாட்டிலோட வந்த பேஷண்டுக்கு, கண்மணி சுருங்கி, எச்சில் வழிஞ்சு, அட்ரோபின் போட வேண்டி வந்தது. வேப்பஞ்சாறுல அப்படி ஆகாது. உள்ள என்ன கலந்திருந்தாங்கன்னு நீங்களே யூகிச்சுக்கோங்க. அடிச்ச அன்னைக்கே புழு சொத்துனு விழுந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

கென்யாவுல ஒரு வேலை நடந்திருக்கு. படிச்சப்போ ஆச்சரியமா இருந்துச்சு. மக்காச்சோளத்துக்கு நடுவுல டெஸ்மோடியம்ங்கிற பயறு வகைத் தீவனம். வயலைச் சுத்தி வேலி மாதிரி நேப்பியர் புல். டெஸ்மோடியத்தோட வாசனை தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியைத் துரத்துது. நேப்பியரோட வாசனை அதைக் கூப்பிடுது. போய் முட்டை வைக்குது. பொரிஞ்ச புழு தண்டைத் துளைச்சா புல்லுல இருந்து பசை மாதிரி ஒரு சாறு வந்து பெரும்பாலானதை அதுலயே மாட்ட வெச்சுடுது. ஐசிஐபிஇங்கிற ஆராய்ச்சி மையம் 1990-கள்ல இருந்து இதைப் பரப்புது. பல்லாயிரம் குடும்பங்கள் செய்யுறாங்க. துரத்துற செடி, இழுக்குற செடி ரெண்டுமே மாட்டுத் தீவனம். நம்ம ஊர்ல நேப்பியர் இல்லாத மாட்டுக்காரர் வீடு உண்டா? ஆனா பெரும்பாலும் யாரும் அதை வேலியா நினைச்சு நட்டுப் பார்க்கலை.

செலவைப் பத்திப் பேசாம இந்தப் பேச்சு நேர்மையா இருக்காது. மிச்ச மருந்து ஓசி. வேப்பங்கொட்டையை ஆனி ஆடியில பொறுக்கிக் காயவெச்சு உடைச்சு வைக்கணும். அந்த வேலையும் யார் தலையில விழும்? அதே அம்மா தலையில. பி.டி. பாக்கெட் எல்லாக் கடையிலயும் கிடைக்கிறதில்ல. கடைக்காரருக்கு அதுல லாபமும் குறைவு.

தீவன விதை தர்றது கால்நடைத் துறை. பூச்சிக்கு மருந்து சொல்றது வேளாண் துறை. அது உடம்புல ஏறினா பார்க்கிறது சுகாதாரத் துறை, அதாவது நானும் அந்த சிஸ்டரும். மூணு ஆபீஸும் ஒரே ரோட்டுல இருக்கு. ஒருத்தர் கதவை இன்னொருத்தர் தட்டி நான் பார்த்ததில்ல. நானும் தட்டலை. பால் சொசைட்டியில தினமும் காலைலயும் சாயங்காலமும் வரிசையில நிக்கிறாங்களே, அங்கயே இடிச்ச வேப்பம்பருப்பும் பி.டி.யும் வெச்சு, பால் பணத்துல கழிச்சுக்கிட்டா என்ன? தீவன மூட்டையை அப்படித்தானே கொடுக்கிறாங்க.

அதுவரைக்கும் தீவனத்துல ரசாயனம் அடிச்சே ஆகணும்னா, குறைஞ்சது வீட்டுல அறுக்கப் போறவங்ககிட்ட வாய் திறந்து சொல்லுங்க. அடிச்ச இடத்துல ஒரு குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுங்க. அறுத்துட்டு வந்த பிறகு வேர்வை, எச்சில், வாந்தி, கண் மங்கல் இருந்தா மோர் ஊத்தி வீட்டுல படுக்க வைக்காதீங்க. துணியை மாத்தி, சோப்பு போட்டுத் தலையோட குளிக்க வெச்சு, 108-ஐக் கூப்பிடுங்க. அந்த மருந்து பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க.

கேஷுவாலிட்டியில இருக்கிற ஜூனியர்களுக்கும் ஒரு வார்த்தை. "என்ன குடிச்சீங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க. "நேத்தும் இன்னைக்கும் என்ன வேலை செஞ்சீங்க"ன்னு கேளுங்க. நான் முதல்லயே அப்படிக் கேட்டிருந்தா அந்தம்மா தலைமுடியை ஒரு மணி நேரம் முன்னாடியே கழுவியிருப்பேன்.

போன மாசம் சுகர் மாத்திரை வாங்க ஓ.பி.க்கு வந்திருந்தாங்க. மிச்ச மாடு கன்னு போட்டிருக்காம். மக்காச்சோளத்தோட தட்டப்பயிறும் கலந்து விதைச்சிருக்காங்க. புழு வந்துச்சு, பையன் வேப்பங்கொட்டையை ஊறப்போட்டு அடிச்சார், கொஞ்சம் தின்னது போக மீதியை அறுக்கிறோம்னாங்க.

"அந்தப் பழைய பாட்டிலை என்னங்க பண்ணீங்க?"ன்னு கேட்டேன்.

"பரண்ல இருக்குதுங் அம்மிணி. காசு குடுத்து வாங்கினதில்லீங்களா?"